ஞாயிற்றுக்கிழமைக்கு ஒரு குளக்கரை

திருப்பூரில் கடல் இல்லை. பாலக்காட்டுக் கணவாய் வழியாக மேற்கே போனாலும், கரூர், திருச்சி தாண்டிக் கிழக்கே போனாலும், அலையைக் கண்ணால் பார்க்க அரை நாளாவது ஆகும். அதனாலோ என்னவோ, பனியன் கம்பெனிகளில் வருஷத்துக்கு ஒருமுறை எல்லோரும் பணம் போட்டு வேன் பிடித்து டூர் கிளம்பினால், ராமேஸ்வரம், திருச்செந்தூர், கன்னியாகுமரி என்று கடல் உள்ள ஊராகவே பெரும்பாலும் முடிவாகிறது. சனிக்கிழமை ராத்திரி சம்பளம் வாங்கிய கையோடு வண்டி ஏறி, ஞாயிறு முழுக்க அலைந்து, திங்கள் விடியற்காலையில் வந்து இறங்கி, காலை ஷிப்டுக்கு மெஷினில் போய் உட்காருகிறார்கள். தண்ணீர் ஓரமாக ஒரு மணி நேரம் காலாற நடப்பதற்கு இவ்வளவு பாடு.

டூர் இல்லாத ஞாயிறுகளில் என்ன செய்கிறார்கள்? அவசர ஷிப்மெண்ட் இருந்தால் பாதி நாள் கம்பெனி. இல்லையென்றால் வாரத் துணியைத் துவைப்பது, கறி எடுப்பது, தூங்குவது, சாயங்காலம் கடைவீதி. லைன் வீட்டில் ஒற்றை அறையில் நாலைந்து பேராகத் தங்கியிருக்கும் வெளிமாநில இளைஞர்கள் வாசல்படியில் உட்கார்ந்து செல்போனைப் பார்த்தே பொழுதைக் கழிக்கிறார்கள். ஆண்டுக்கு 30,000 கோடி ரூபாய்க்கு மேல் ஏற்றுமதி செய்யும் ஊர் இது. 6 லட்சம் பேருக்குக் குறையாமல் வேலை கொடுப்பதாகத் தொழில்துறையினர் சொல்கிறார்கள். இத்தனை பேருக்கும் ஊருக்குப் பக்கத்தில், காசில்லாமல், மரநிழலில், நீர்க்காற்றில் நடக்க ஓர் இடம் எங்கே என்று கேட்டால் சட்டென்று பதில் வராது. கூலி உயர்வு பற்றிப் பேசுகிறோம். பேச்சுவார்த்தை நடக்கிறது, ஒப்பந்தம் ஆகிறது. மின்கட்டணம், நூல் விலை, அமெரிக்க வரி எல்லாம் பேசுகிறோம். உழைக்கிறவன் வாரத்துக்கு ஒருநாள் நடந்துவர ஓர் இடம் வேண்டும் என்பது மட்டும் எந்த மேடையிலும் ஒரு கோரிக்கையாக எழவில்லை.

இடம் இல்லாமல் இல்லை. திருப்பூரிலிருந்து ஊத்துக்குளி சாலையில் பத்து கிலோமீட்டர் போனால் சர்க்கார் பெரியபாளையம். அங்கே இருக்கிறது நஞ்சராயன் குளம். தமிழ்நாட்டின் 17-வது பறவைகள் சரணாலயம் அது. உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் பட்டியலான ராம்சர் பட்டியலிலும் இடம்பெற்றது. பறவைகளுக்கு ஒரு குறையும் வராத வகையில், இந்தக் குளக்கரையைத் திருப்பூர்த் தொழிலாளர்களின் ஞாயிற்றுக்கிழமை நடைக்கு முறையாகத் திறந்து வைக்க வேண்டும் என்பதே என் வாதம். இந்த ஊருக்கு அது ஒரு சலுகை அல்ல, வெகுநாளாகப் பாக்கி நிற்கும் கடன்.

குளத்தைத் தெரியாதவர்களுக்குக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பல நூற்றாண்டுகளுக்கு முன் இதைச் சீரமைத்த நஞ்சராயன் என்ற மன்னரின் பெயர் இதற்கு நிலைத்துவிட்டது. அவிநாசிப் பக்கமிருந்து திருமுருகன்பூண்டி வழியாக வரும் நல்லாறுதான் இதற்கு நீர் கொண்டுவருகிறது. பாசனத்துக்கான குளம். பரப்பு ஏறத்தாழ 126 ஹெக்டேர், நம் கணக்கில் 310 ஏக்கர். 2021-ல் சட்டமன்றத்தில் இதைப் பறவைகள் சரணாலயமாக்கப் போவதாக அரசு அறிவித்தது, அதற்கு 7.5 கோடி ரூபாய் என்றும் சொன்னது. அடுத்த ஆண்டே சரணாலயமானது. 2024 ஆகஸ்டில், சுதந்திர தினத்துக்கு முதல் நாள், ராம்சர் பட்டியலில் சேர்ந்த செய்தி வந்தது. அதே அறிவிப்பில் தமிழ்நாட்டின் இன்னோர் ஈரநிலமும் இருந்தது: விழுப்புரம் மாவட்டத்துக் கழுவேலி. அது கடலோரத்து உவர்நீர் ஏரி. வங்கக் கடலோடு தொடர்புடையது. பரப்பிலும் நஞ்சராயனைப் போல நாற்பது மடங்கு. கடலே இல்லாத ஊரின் குளமும் கடலோரத்து ஏரியும் ஒரே நாளில், ஒரே பட்டியலில் சேர்ந்தன. ராம்சர் என்பதே ஈரானில் காஸ்பியன் கடற்கரையில் இருக்கும் ஒரு சின்ன ஊர்தான். 1971 பிப்ரவரி 2-ல் அங்கே கையெழுத்தான உடன்படிக்கைதான் இன்று உலக ஈரநிலங்களுக்கெல்லாம் காவல். மனிதர்கள் உள்ளே வரக் கூடாது என்று அந்த உடன்படிக்கை சொல்லவில்லை. ஈரநிலத்தின் இயல்பு கெடாதபடி அறிவோடு பயன்படுத்துங்கள் என்றுதான் சொல்கிறது. வனத்துறை அதிகாரிகளும் மாநகராட்சியும் இதை மனத்தில் வைத்துக்கொண்டால் பாதிக் குழப்பம் தீரும்.

191 வகைப் பறவைகள், 87 வகை வண்ணத்துப்பூச்சிகள் இங்கே பதிவாகியிருக்கின்றன. இந்தப் பதிவுகளுக்குப் பின்னால் வெறும் அரசுக் கணக்கெடுப்பு மட்டும் இல்லை. திருப்பூர் இயற்கைக் கழகத்தைச் சேர்ந்தவர்கள், பகலில் தொழில் பார்த்துக்கொண்டு, விடுமுறைக் காலைகளில் பைனாகுலரோடு கரையில் நின்று, ஆண்டுக்கணக்கில் எழுதி வைத்த குறிப்புகள் இல்லாவிட்டால் இந்தக் குளம் இன்று சரணாலயம் ஆகியிருக்காது. ஊர்க்காரர்கள் பார்த்து, எண்ணி, சொல்லி, அதன் பிறகுதான் அரசு வந்தது.

டிசம்பர், ஜனவரி மாதங்களில் விடிந்த கையோடு கரையில் ஏறினால் என்ன தெரியும்? முதலில் சத்தம்தான். கோரைக்குள்ளிருந்து நீலத் தாழைக்கோழிகள் ஒன்றையொன்று அதட்டும். வெயில் கொஞ்சம் ஏறினதும் நீர்ப்பரப்பில் கறுப்புப் புள்ளிகளாக நாமக்கோழிகள். நெற்றியில் வெள்ளை நாமம் போட்டிருப்பதால் அந்தப் பெயர். ஒருமுறை பார்த்தவர்களுக்குப் பிறகு சந்தேகமே வராது. பட்டுப்போன மரக்கிளைகளில் நீர்க்காகங்கள் இறக்கையை விரித்துக் காயவைத்துக்கொண்டு நிற்கும். கூழைக்கடாக்கள் நாலைந்து சேர்ந்து வரிசை கட்டி, மீன்களை ஆழம் குறைந்த பக்கமாக விரட்டி, ஒரே நேரத்தில் அலகை நீரில் அமிழ்த்தும். சேறு தெரியும் ஓரங்களில் நெடுங்கால் உள்ளான்கள், சிவப்புக் குச்சி போன்ற கால்களை ஒவ்வொன்றாகத் தூக்கிவைத்து நடக்கும். முக்குளிப்பான் ஒன்று கண்ணெதிரே முங்கும். எங்கே எழும் என்று பார்த்துக்கொண்டே இருந்தால் நாம் நினைக்காத இடத்தில் எழும். இது எல்லா வயதுப் பிள்ளைகளையும் கட்டிப்போடும் விளையாட்டு.

அதிர்ஷ்டம் இருந்தால் வரித்தலை வாத்தும் கண்ணில் படும். வெள்ளைத் தலையில் பட்டையாக இரண்டு கறுப்புக் கோடுகள். மங்கோலியாவிலும் திபெத்திலும் இனப்பெருக்கம் செய்துவிட்டு, இமயமலைத் தொடரைத் தாண்டிப் பறந்து வரும் வாத்து. எவரெஸ்ட் ஏறும் மனிதர்கள் ஆக்சிஜன் உருளை சுமந்துபோகும் மலைத்தொடர் அது. அந்த வாத்து இந்தக் குளத்தில் வந்து இறங்குகிறது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கரையில் என் பக்கத்தில் நின்ற ஓர் அம்மா, செக்கிங் வேலை பார்ப்பவர், தன் பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு கேட்டார்: "ஏனுங்க, இதெல்லாம் எங்கிருந்துங்க வருது?" சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் பார்த்தார். "பதினஞ்சு வருஷமா இதே ஊர்ல இருக்கறனுங்க, இப்பத்தானுங்க பார்க்கறேன்" என்றார். நாள் முழுக்கத் துணியில் ஊசித்துளை அளவு ஓட்டையையும் நூல் பிசிறையும் தேடிப் பழகிய கண்கள் அவருக்கு. தூரத்து மரத்தில், இலைகளுக்குள் மறைந்திருந்த பாம்புத்தாராவை எனக்கு முன்னால் அவர்தான் பார்த்தார். பறவை பார்ப்பதற்கு விலையுயர்ந்த கேமராவும் ஆங்கிலப் புத்தகமும் வேண்டும் என்று நினைப்பவர்களுக்கு இதைச் சொல்கிறேன். இந்த ஊரில் கூர்மையான கண்கள் பல்லாயிரம் இருக்கின்றன. அவற்றுக்குக் குளத்தைக் காட்டத்தான் ஆள் இல்லை.

வலசை வரும் பறவைகளையும் ஒடிசாவிலிருந்தும் பிகாரிலிருந்தும் வரும் தொழிலாளர்களையும் ஒப்பிட்டு உருகுவது எழுதுகிறவர்களுக்கு எளிது. நான் அதைச் செய்யமாட்டேன். பறவை தன் விருப்பத்துக்கு வந்து பருவம் முடிந்ததும் போகிறது. ஊரில் பிழைப்பு இல்லாமல் வந்தவருக்கு வாடகை உண்டு, கடன் உண்டு, ஒன்றரை ஷிப்ட் உண்டு. அவருக்கு வேண்டியது உவமை அல்ல. ஞாயிற்றுக்கிழமை காலையில் ஏறிப்போக ஒரு பஸ், போன இடத்தில் தன் மொழியில் ஒரு பலகை.

இனி தண்ணீருக்கு வருகிறேன். திருப்பூரைப் பற்றி எழுதும்போது தண்ணீரை விட்டுவிட்டு இயற்கையைப் பேசுவது நேர்மையாகாது.

வெள்ளியங்கிரி மலையில் பிறந்து, கோவை, திருப்பூர் வழியாக வந்து காவிரியில் சேரும் நொய்யல், சாயப்பட்டறைகள் பெருகிய காலத்தில் என்ன நிறம் ஏற்றினார்களோ அந்த நிறத்தில் ஓடியது. பாசனத்துக்காக 1992-ல் கட்டி முடித்த ஒரத்துப்பாளையம் அணை, சாயக்கழிவைத் தேக்கும் தொட்டியாக மாறிப்போனது. கீழ்ப்பகுதி விவசாயிகளின் கிணறுகள் உப்பேறின, தென்னை காய்ந்தது, மாடு குடிக்க மறுத்தது. தங்களுக்காகக் கட்டிய அணையையே திறந்துவிடச் சொல்லியும், திறக்காதே என்று சொல்லியும் போராட வேண்டிய நிலை உலகத்தில் வேறெந்த விவசாயிக்கும் வந்திருக்குமா தெரியவில்லை. நொய்யல் ஆயக்கட்டுதாரர்கள் நீதிமன்றத்துக்குப் போனார்கள். ஆண்டுக்கணக்கில் வழக்கு நடந்தது. கழிவை ஒரு சொட்டுக்கூட வெளியே விடக் கூடாது என்ற உத்தரவு நிறைவேறாமல் போகவே, 2011 ஜனவரி 28-ல் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை எல்லாம் மூடச் சொன்னது. 700-க்கும் மேற்பட்ட பட்டறைகள். ஊரே ஸ்தம்பித்தது அப்போதுதான்.

அந்த அடியில்தான் ஊர் மாறியது என்பதையும் சொல்ல வேண்டும். பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் சவ்வூடு வடிகட்டல், ஆவியாக்கிகள் என்று பெருஞ்செலவில் தங்களைத் திருத்திக்கொண்டன. இன்று சாய நீரில் பெரும்பகுதியை மீட்டு, அதே நீரில் மறுபடியும் துணிக்கு நிறம் ஏற்றுகிறார்கள். மிஞ்சும் கலவை உப்பை எங்கே கொண்டுபோய் வைப்பது என்ற சிக்கல் இன்னும் தீரவில்லை. திருட்டுத்தனமாகக் கழிவைத் திறந்துவிடுகிறவர்களும் அறவே இல்லாமல் போய்விடவில்லை. ஆனாலும் நாட்டில் வேறெந்த ஜவுளி ஊரும் இந்த அளவு செய்யவில்லை. செலவு செய்த தொழிலதிபர்களை மதிக்கிறேன். அந்தச் செலவுக்கு ஊர் பார்க்கும்படியான பலன் எது? ஐரோப்பிய பிராண்டுகளின் தணிக்கையாளருக்குக் காட்டும் சான்றிதழ் மட்டும்தானா? ஆற்றையும் குளத்தையும் சுத்தப்படுத்தியதன் பலன், அதன் கரையில் உழைக்கும் மக்கள் மூக்கைப் பொத்தாமல் நடப்பதில் தெரிய வேண்டும்.

நஞ்சராயன் குளத்தின் தொல்லை சாயத்தைவிடச் சாக்கடைதான். நல்லாற்றில் மழைநீரோடு வழியோர ஊர்களின் வீட்டுக் கழிவுநீரும் கலந்து வருகிறது. அதனால்தான் மற்ற குளங்கள் காயும் மாதங்களிலும் இதில் தண்ணீர் நிற்கிறது; பறவைகளும் நிற்கின்றன. ஆகவே கழிவுநீர் வரத்தை அப்படியே அடைத்துவிட்டால் போதும் என்பது தீர்வல்ல. வரும் வழியில் சுத்திகரித்து, நீராகக் குளத்துக்குள் விடுவதுதான் தீர்வு. நல்லாற்றின் கரையில் குப்பை கொட்டுவதை நிறுத்துவது, ஆகாயத்தாமரையை ஆண்டுதோறும் அள்ளுவது, கரை ஆக்கிரமிப்புகளை அளந்து அகற்றுவது ஆகியவை உள்ளாட்சியும் நீர்வளத்துறையும் வனத்துறையும் சேர்ந்து செய்ய வேண்டியவை. மூன்று துறை சேர்ந்து செய்ய வேண்டியதை நம் நாட்டில் எந்தத் துறையும் செய்வதில்லை. குளத்துக்கு என்று பொறுப்பான ஓர் அதிகாரி, அவர் பெயரும் தொலைபேசி எண்ணும் கரையில் எழுதிவைத்தபடி, இருக்க வேண்டும்.

ஜவுளி ஊரின் தொழிலாளிக்கு நடக்க இடம் வேண்டும் என்ற கோரிக்கை ஏதோ ஆடம்பரம் என்று தோன்றினால், இங்கிலாந்தில் நடந்ததைச் சொல்கிறேன். கோயம்புத்தூரைத் தென்னாட்டு மான்செஸ்டர் என்கிறோம். அசல் மான்செஸ்டரின் பஞ்சாலைகளிலும் பட்டறைகளிலும் வாரம் முழுக்க உழைத்தவர்களுக்கு, ஞாயிற்றுக்கிழமை ரயில் ஏறினால் எட்டும் தூரத்தில் பென்னைன் மலைகள் இருந்தன. ஏறத்தான் முடியாது. பெரும்பகுதி பிரபுக்களின் வேட்டைக் காடு. காவலாட்கள் தடியோடு நிற்பார்கள். 1932 ஏப்ரல் 24, ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஏறத்தாழ 400 பேர் ஹேஃபீல்டு என்ற ஊரில் கூடி, கிண்டர் ஸ்கவுட் என்ற மேட்டுநிலத்தில் அத்துமீறி ஏறினார்கள். முன்னால் நின்ற பென்னி ராத்மனுக்கு அப்போது 20 வயது. காவலாட்களோடு கைகலப்பு. திரும்பி வந்தபோது கைது. ஐந்து பேருக்கு இரண்டு முதல் ஆறு மாதம் வரை சிறை. நடக்கப் போனவர்களுக்குச் சிறை! அந்தத் தண்டனைதான் நாட்டை உசுப்பியது. சில வாரங்களில் அதே கோரிக்கைக்கு ஆயிரக்கணக்கானோர் திரண்டார்கள். 1949-ல் தேசியப் பூங்காக்களுக்கும் கிராமப்புற நடைவழிகளுக்கும் சட்டம் வந்தது. 1951-ல் இங்கிலாந்தின் முதல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது கிண்டர் ஸ்கவுட் அடங்கிய பீக் டிஸ்ட்ரிக்ட்தான். இன்று இங்கிலாந்தில் மலைமீதும் கடற்கரை ஓரமும் ஓடும் நடைவழிகளை அழகுக்காகப் பாராட்டுகிறோம். அவற்றைக் கேட்டு வாங்கியவர்களில் ஆலைத் தொழிலாளர்கள் முன்வரிசையில் நின்றார்கள். நமக்கு இங்கே யாரும் தடியோடு நிற்கவில்லை. நிலம் அரசுடையது, குளம் பொதுச்சொத்து. வேண்டியது ஓர் ஏற்பாடு மட்டும்.

அந்த ஏற்பாடு எப்படி இருக்கக் கூடாது என்பதில்தான் எனக்கு அதிகக் கவலை. நம் ஊர்களில் குளத்தை 'மேம்படுத்துவது' என்றால் ஒரே வரைபடம்தான்: கரை முழுக்கக் கான்கிரீட், டைல்ஸ் பாதை, வண்ண விளக்கு, ஊர்ப் பெயரைப் பெரிய எழுத்தில் எழுதி முன்னால் நின்று படம் எடுக்க ஓர் இடம், படகு, ஒலிபெருக்கியில் பாட்டு. பக்கத்துக் கோவையில் ஸ்மார்ட் சிட்டி திட்டத்தில் உக்கடம் பெரியகுளம், வாலாங்குளம் கரைகள் இப்படித்தான் ஆயின. சாயங்காலம் கூட்டம் கூடுகிறது, மறுக்கவில்லை. நகரத்து மக்கள் காற்று வாங்கட்டும். ஆனால் சேற்றையும் கோரையையும் நம்பி வாழும் பறவைக்குச் செங்குத்தான கான்கிரீட் கரையில் இடம் கிடையாது. இரவெல்லாம் விளக்கு எரியும் நீரில் அது அடையாது. அப்படியொரு கரை வேண்டும் என்பவர்களுக்குத் திருப்பூரிலேயே ஆண்டிபாளையம் குளம் இருக்கிறது, படகும் இருக்கிறது. நஞ்சராயன் குளம் அதற்கல்ல. இங்கே மண்கரை மண்கரையாகவே இருக்கட்டும். காலில் மண் படட்டும். படகு வேண்டாம், விளக்கு வேண்டாம், பாட்டு வேண்டாம், டிரோன் அறவே வேண்டாம். கல்யாண போட்டோ எடுக்கும் கூட்டத்துக்கும் வேறு இடம் பார்த்துக்கொள்ளச் சொல்லலாம்.

இன்னொரு பக்கம், மக்களையே விடாதீர்கள் என்பவர்களும் இருக்கிறார்கள். பறவை ஆர்வலர்களில் சிலர் இப்படி நினைப்பது எனக்குப் புரிகிறது. கூட்டம் வந்தால் பிளாஸ்டிக் வரும், கூச்சல் வரும், பறவை போய்விடும் என்பது அவர்கள் அச்சம். சென்னையில் அடையாறு முகத்துவாரத்தில் குப்பைமேடாகக் கிடந்த 58 ஏக்கரை மீட்டுத் தொல்காப்பியப் பூங்காவாக்கினார்கள். 2011-ல் திறந்த அந்தக் கடலோரப் பூங்காவில் வெகுகாலம் பள்ளி மாணவர்களையும் முன்பதிவு செய்த சிறு குழுக்களையும்தான் அனுமதித்தார்கள். மரம் வளர்ந்தது, பறவை வந்தது, நல்லதுதான். ஆனால் மதில் ஓரமாகத் தினமும் போகும் நகரவாசிக்கு உள்ளே இருப்பது என்னவென்றே தெரியாமல் போயிற்று. தெரியாத ஒன்றுக்காக யார் குரல் கொடுப்பார்கள்? நஞ்சராயன் குளத்துக்கு நாளை ஓர் ஆபத்து வந்தால், ஒரு சாலையோ கட்டடமோ கரையை உரசிக்கொண்டு வந்தால், தெருவுக்கு வரப்போவது இந்தக் கரையில் நடந்து பழகியவர்கள்தான்.

மக்களால் பறவை போகும் என்பதும் முழு உண்மையல்ல. நம்மிடமே சாட்சி இருக்கிறது. சென்னிமலைக்குப் பக்கத்தில் வெள்ளோடு பறவைகள் சரணாலயம். 77 ஹெக்டேர், 2022-ல் ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. சுற்றியிருக்கும் ஊர்க்காரர்கள் தீபாவளிக்குப் பட்டாசு வெடிப்பதில்லை. சட்டம் போட்டு நிறுத்தியதல்ல, அவர்களாக எடுத்த முடிவு. பிள்ளைகள் மத்தாப்போடு நிறுத்திக்கொள்கிறார்கள். பறவையோடு பழகிய ஊர் இப்படி நடந்துகொள்ளும்.

நடுவழி ஒன்று இருக்கிறது. சிங்கப்பூர் அதைச் செய்து காட்டியிருக்கிறது. அங்கே வடமேற்குக் கடலோரத்தில், ஜோகூர் நீரிணையை ஒட்டி, சுங்கை பூலோ ஈரநிலக் காப்பகம். 1986-ல் அந்தச் சதுப்பில் வலசைப் பறவைகள் குவிவதைக் கண்டு அரசிடம் சொன்னவர்கள் ஊரின் பறவை ஆர்வலர்கள். நம் திருப்பூர்க் கதையேதான். 1993-ல் பூங்காவாகத் திறந்தார்கள், 2002-ல் சட்டப்படி இயற்கைக் காப்பகமாக்கினார்கள். நுழைவுக் கட்டணம் இல்லை. அலையாத்திக் காட்டுக்குள் மரப்பலகை நடைபாதை. பறவை கூடும் இடங்களில் பலகைத் தடுப்பு. அதில் கண்ணளவு துளை. நீங்கள் பறவையைப் பார்க்கலாம், பறவை உங்களைப் பார்க்காது. ஒரு பகுதி நடப்பவர்களுக்கு, மறுபகுதி பறவைக்கு மட்டும். எனக்குப் பிடித்தது இதுதான்: மற்ற நாட்களில் சற்றுத் தள்ளி நின்ற டவுன் பஸ்ஸை, ஞாயிற்றுக்கிழமையிலும் பொது விடுமுறையிலும் மட்டும் காப்பகத்தின் வாசல்வரை விட்டிருந்தார்கள். கார் இல்லாதவர் ஓய்வாக இருக்கும் நாள் எது என்று யோசித்து வகுத்த தடம்.

நமக்கும் அதுவே வேண்டும். பழைய பேருந்து நிலையத்திலிருந்து ஞாயிறு காலை ஐந்தரைக்கு ஒரு நகரப் பேருந்து, குளக்கரை வரை. ஒன்பதரைக்குத் திரும்ப ஒன்று. மகளிர்க்கு நகரப் பேருந்தில் கட்டணம் இல்லை. பனியன் கம்பெனிகளில் பெண்களே பெரும்பங்கு. கரையில் ஒரு பக்கத்தை மட்டும், குறித்த நேரத்துக்கு மட்டும், நடப்பவர்களுக்கு விடலாம். எதிர்க்கரையும் கூடு கட்டும் மரங்களும் எக்காலத்திலும் மனிதர் கால் படாமல் இருக்கட்டும். பறவைப் பெயர்ப் பலகைகள் தமிழில் முதலில். கூடவே இந்தியும் ஒடியாவும் வங்காளமும். பெண்களுக்குச் சுத்தமான கழிப்பறை, குடிநீர். இந்த இரண்டும் இல்லாத இடத்துக்குக் குடும்பத்தோடு யாரும் இரண்டாவது முறை வரமாட்டார்கள். உள்ளூர்ப் பிள்ளைகளில் பத்துப் பேருக்குப் பறவை பார்க்கப் பழக்கி, ஞாயிறுகளில் வழிகாட்டியாக வைத்துச் சம்பளம் கொடுக்கலாம்.

நடந்து முடித்தவர்கள் அப்படியே திரும்பிவிட வேண்டியதில்லை. அதே சர்க்கார் பெரியபாளையத்தில்தான் சுக்ரீஸ்வரர் கோவில் இருக்கிறது. குரக்குத்தளி என்பது பழைய பெயர். சுக்ரீவன் வழிபட்டதாக ஐதிகம். தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கும் கற்கோவில், கல்வெட்டுகளோடு. ராமேஸ்வரம் போய் ராமர் பாதத்தைத் தேடும் நம்மவர்களுக்கு, ராமாயணத்து வானர மன்னனின் கோவில் உள்ளூர் பஸ் தடத்திலேயே இருப்பது தெரியாது. குளமும் கோவிலும் சேர்ந்தால் ஒரு காலைப்பொழுது நிறைந்துவிடும்.

செலவுக்குப் பெரிதாக அலைய வேண்டியதில்லை. திருப்பூரில் பணம் இல்லாமல் எதுவும் நின்றதில்லை. 'வனத்துக்குள் திருப்பூர்' என்று 2015-ல் மரம் நடத் தொடங்கி, தொழிலதிபர்களும் ஊர்மக்களும் சேர்ந்து பல லட்சம் கன்றுகளை வளர்த்துக் காட்டிய ஊர் இது. அந்த ஊருக்கு ஒரு குளக்கரையைப் பராமரிப்பது பெரிய காரியமா?

வேன் விஷயத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். காலையில் ஏழு மணிக்குத் திருப்பூரைச் சுற்றியிருக்கும் எந்தக் கிராமத்துச் சாலையில் நின்றாலும் கம்பெனி வேன்களைப் பார்க்கலாம். காங்கயம், தாராபுரம், பல்லடம், அவிநாசிப் பக்கமெல்லாம் போய் ஆட்களை ஏற்றி வரும் மஞ்சள், வெள்ளை வண்டிகள். ஞாயிற்றுக்கிழமை அவற்றில் பெரும்பாலானவை ஷெட்டில் நிற்கின்றன. அரசுப் பேருந்து வரும்வரை காத்திருக்க வேண்டாம். மாதத்தில் ஒரு ஞாயிறு, ஒரு கம்பெனி, ஒரு வேன் என்று தொடங்கினாலே கரை நிறையும். மீறிக் கூட்டமாகாமல் முறை வைத்துக்கொள்ளவும் அது வசதி.

வலசைப் பறவைகள் குளிர்காலத்தையொட்டி வரும், கோடையில் கிளம்பிவிடும். பனியன் கம்பெனி முதலாளிகளே, ஏற்றுமதியாளர் சங்கத்தாரே, தொழிற்சங்கத் தோழர்களே: வரும் பருவத்துக்கு முன்னால் வனத்துறையோடு ஒருமுறை உட்கார்ந்து பேசி, நாளும் நேரமும் முடிவு செய்யுங்கள். முடிவானதும், தைக்கிறவர்களையும் செக்கிங் பெண்களையும் ஹெல்பர் பையன்களையும் அவர்கள் வீட்டுப் பிள்ளைகளோடு ஏற்றி, ஞாயிறு விடிகாலையில் உங்கள் வேனைச் சர்க்கார் பெரியபாளையத்துக்கு அனுப்பிவையுங்கள்.